ஒன்பது கட்டமும் ஒரு பூட்டும்

கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையைப் பூட்டி வைக்கும் வழக்கம் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் கிடையாது. பின்னால் விழும் பூட்டைப் பற்றி அனுபவஸ்தர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் 1998 ஜூலை பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு, திண்டுக்கல்லில் எங்கள் பங்குச்சாமியார் பங்களாவின் பதிவேட்டு அறைக்குள் நான் இருக்க, வெளியே ஒரு பூட்டு ‘டக்’ என்று விழுந்தது. எங்கள் ஊர்ப் பூட்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே, இனி மன்றாடிப் பயனில்லை என்று புரிந்துவிடும்.

நான் ரொனால்டு. வயது முப்பத்து மூன்று. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். ஏழு வருடமாகப் பகுதி நேரத்தில் பிஎச்.டி. செய்கிறேன். அதில் பகுதி நேரம் மட்டும்தான் இதுவரை முடிந்திருக்கிறது.

நான் அந்த அறைக்குள் போனதற்குக் காரணம் ஓலை. எங்களில் கல்யாணம் நிச்சயமானால் ஓலை எழுத வேண்டும். பெண்ணையும் பையனையும் சாமியார் தனித்தனியே உட்கார வைத்து, அச்சடித்த படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார். வேதாகமத்தின்மேல் கை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். பிறகு மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்துவிட்டால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு பின்வாங்கினால், தடை என்னவாக இருக்கும் என்று ஊரே ஆராய்ச்சியில் இறங்கிவிடும். அவர்கள் என்னைப் போல ஏழு வருடம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் முதல் ஓலை மறுநாள் காலை ஆறு மணிப் பூசையில்.

ஒருவரைக் கேட்கும்போது மற்றவர் காதில் விழக் கூடாது என்பதால், பெண்ணின் முறை முடியும்வரை என்னைப் பின்னறையில் உட்கார வைத்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. கதவில் காதை ஒட்ட வைத்து நின்றிருந்தேன்.

அந்தப் பக்கம் சாமியார் லிடியாவிடம் பெயர், தகப்பன் பெயர், ஞானஸ்நானம் பெற்ற கோயில் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

“இந்தக் கல்யாணத்துக்கு யாரோட கட்டாயமும் இல்லாம, முழு மனசோட சம்மதிக்கிறியாம்மா?”

காதைக் கதவில் இன்னும் அழுத்தினேன். இந்த ஒரு பதிலுக்காகத்தான் ஒரு மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை.

தொலைபேசி அலறியது. சாணார்பட்டிப் பக்கம் ஒரு பெரியவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறதாம்; சாமியார் உடனே வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதல் கொடுக்க வேண்டுமாம். நாற்காலி நகர்ந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அருளப்பன் எண்ணெய்ப் பெட்டியை எடுத்தார். யாரோ ஒரு புண்ணியவான் தன் வயதைக் குறைப்பதற்காக ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பக்கத்தையே கிழித்துக்கொண்டு போனதிலிருந்து, சாமியார் வெளியே கிளம்பினால் பதிவேட்டு அறையைப் பூட்டுவது அருளப்பனின் இருபது வருடப் பழக்கம். கை தானாகப் பூட்டியது. உள்ளே மாப்பிள்ளை இருப்பது கைக்குத் தெரியாது. டிவிஎஸ் ஃபிப்டி இருவரையும் சுமந்துகொண்டு போய்விட்டது.

“சாமி! அருளப்பண்ணே!” என்று கத்தினேன். இரும்பு அலமாரி இரண்டும் எதிரொலித்தன. அவற்றுக்குள் நூறு வருடத்துப் பிறப்பும் கல்யாணமும் சாவும் அடுக்கியிருந்தன. காற்று நுழைய இடமில்லை. சுவரில் புனித இராயப்பர் படம். மோட்சத்தின் திறவுகோல் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, இந்த அறைக்கு மட்டும் தன்னிடம் சாவி இல்லை என்பது போல் பார்த்தார்.

வராந்தாப் பக்கம் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது. அதில் லிடியாவின் முகம் தெரிந்தது. எரியோட்டில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பது வயது. தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பது போலவே மனிதர்களையும் பார்ப்பாள். திட்டமாட்டாள், எந்த வரியில் தப்பினோம் என்று தேடுவாள்.

“நல்ல வேளை டீச்சர், நீங்க போகல. என்னைய வச்சுப் பூட்டிட்டாங்க.”

“தெரியும் சார். பூட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அப்பப் பாத்து பெஞ்சுல இது கண்ணுல பட்டுச்சு.” கையை உயர்த்தினாள். கையில், வெளியே நான் மறந்து வைத்த என் டைரி. “உள்ளயிருந்து ஒரு தாள் எட்டிப் பாத்துச்சு. மேல ‘லிடியா’ன்னு எழுதியிருந்துச்சு. எம் பேரு போட்டா எனக்கு வந்த கடுதாசி மாதிரிதான?”

அறையில் அதுவரை இருந்த கொஞ்சம் காற்றும் போய்விட்டது.

அந்தத் தாளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அப்பா ராயப்பராஜ் எல்லார் முன்னாலும் கேட்டார். மனைவியை இழந்தவர், முருங்கைத் தோப்பும் மகளுமே உலகம். “ஒன்னைய ஒரு எடத்துல குடுத்துட்டா நான் நிம்மதியாக் கண்ண மூடிருவேன். சம்மதமாம்மா?” அவள், “சம்மதம்ப்பா” என்றாள். அடுத்த வாரம் அவளோடு வேலை பார்க்கும் மரியசெல்வி, “வேலைய விடணுமாமேடி, சம்மதமா?” என்று கேட்டாளாம். “சம்மதமில்ல” என்றாளாம். மரியசெல்வியின் கணவன் ஜெரோம் எனக்கு அடுத்த மேசைக்காரன். செய்தி மறுநாள் டீ வேளைக்குள் வந்து சேர்ந்தது. மூன்றாவதாக என் அம்மா சகாயராணி சேலையோடு போய், “எம் புள்ளயப் பிடிச்சிருக்குல்ல, சம்மதந்தான?” என்று கேட்டதற்கு, “நல்லாச் சிரிக்க வைக்கிறாரு” என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அதை ‘ஆம்’ என்று எடுத்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்து ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பவன் நான். அது பதில் அல்ல என்று எனக்குத் தெரியும்.

ஒரே கேள்வி, மூன்று பதில். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் உண்மைப் பதில் ஒன்று ஒளிந்திருக்கத்தானே வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க அட்டவணை போட்டேன். விஞ்ஞானி அல்லவா.

லிடியா வாசிக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிக்கிற குரல்.

“‘அப்பா முன்னிலையில்: ஆம். நம்பகம் நாற்பது சதவீதம். மரியசெல்வி முன்னிலையில்: இல்லை. நம்பகம் எழுபது. அம்மா முன்னிலையில்: சிரிப்பு பற்றிய கருத்து. நம்பகம் பத்து.’” நிமிர்ந்தாள். “சிரிப்புக்குப் பத்துதானா சார்?”

“டீச்சர், அது சும்மா…”

“எம்பொய்க்கு மார்க்கு போட்டிருக்கீங்க. நானே எம்புள்ளைகளுக்கு இம்புட்டுக் கறாராப் போட மாட்டேன்.”

“யாரையாவது கூட்டிட்டு வாங்க டீச்சர், பூட்ட ஒடைக்கலாம்.”

“எதுத்த டீக்கடையில நூர் முகமது பாய் இருக்காரு. கடப்பாரையோட வரச் சொல்லவா?”

நினைத்துப் பார்த்தேன். கடப்பாரையோடு பாய் வந்தால் கூடவே பத்துப் பேர் வருவார்கள். மறுநாள் ஓலை வாசிப்பதற்குள், மாப்பிள்ளை ஓடிப் போகாமலிருக்கச் சாமியார் பூட்டி வைத்தார் என்று பேகம்பூர்வரைக்கும் போய்விடும்.

“வேணாம். இருக்கேன்.”

“இருங்க.” பெஞ்சை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எனக்கு பஸ்ஸு ஆறரைக்குத்தான்.”

அவளுடைய அப்பாவும் என் அம்மாவும் கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் பிரதியைப் பார்க்க அச்சகத்துக்குப் போயிருந்தார்கள். ஆடி பிறந்துவிட்டதால் அச்சகக்காரருக்கு வேறு கல்யாணமே இல்லை. ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் விடிவதற்குள் ஐந்நூறும் அடித்துவிடுவார். அந்த அவசரம் எனக்குப் பயமாக இருந்தது. மேலே ஓட்டில் வெயில். உள்ளே நான். மதியம் குடித்த இளநீர் வேறு தன் பங்குக்கு நெருக்கத் தொடங்கியிருந்தது.

லிடியா டைரியைப் புரட்டினாள். “இது என்ன கட்டம்? எல்லாப் பக்கத்துலயும் இருக்கு. இதுல எம் பேரக் காணோம்.”

“அது என் ஆராய்ச்சி.”

“சொல்லுங்க. எங்கயும் போகப் போறதில்லையே.”

மாணவர்கள் எப்போதும் கதவுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு என் பாடத்தைக் கேட்பார்கள். நான் மாட்டிக்கொண்டு பாடம் நடத்தியது அன்றுதான்.

“மூணுக்கு மூணு, ஒம்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு புள்ளி வைக்கலாம், இல்ல சும்மா விடலாம். குறுக்கே எந்த வரிசையில எண்ணினாலும் புள்ளி ரெட்டப்படையா வரணும். ஒண்ணுமே இல்லாட்டியும் ரெட்டப்படைதான். நெடுக்கே மொத ரெண்டு வரிசையும் அதே மாதிரி ரெட்டப்படை. கடைசி நெடுவரிசை மட்டும் ஒத்தப்படை.”

கைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து ஜன்னல் திண்டில் கட்டம் போட்டாள். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. செத்த நேரம் வெறுமனே பார்த்தாள்.

“வராது.”

“வச்சுப் பாக்காமயே?”

“குறுக்கே மூணு ரெட்டப்படையக் கூட்டினா மொத்தப் புள்ளி ரெட்டப்படை. அதே புள்ளிகள நெடுக்கே கூட்டினா ரெட்டப்படை, ரெட்டப்படை, ஒத்தப்படை. மொத்தம் ஒத்தப்படை. அதே புள்ளி எப்படி சார் ரெண்டாவும் இருக்கும்? எட்டாங்கிளாஸ் கணக்கு.” விரலில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைத் துடைத்தாள். “இதுக்கா ஏழு வருசம்?”

“இல்ல டீச்சர், வராதுன்னு எனக்கும் தெரியும். எட்டு வருசத்துக்கு முன்னாலயே எழுதிட்டாங்க. வில்லங்கம் அதுக்கு அடுத்த வரியில இருக்கு. ஒரு ஜோடித் துகள்கிட்ட இந்த மாதிரி ஒம்பது கேள்வி கேக்கலாம், கட்டத்துக்கு ஒண்ணு. ஆம்னா புள்ளி, இல்லைன்னா வெறுங்கட்டம். ஆனா ஒரு நேரத்துல ஒரு வரிசையில இருக்கிற மூணத்தான் சேத்துக் கேக்க முடியும், குறுக்கேயோ நெடுக்கேயோ. ஒம்பதையும் ஒண்ணாக் கேக்க முடியாது.”

“சரி.”

“கணக்குப்படி, எந்த வரிசையக் கேட்டாலும் அது அந்த ரெட்டப்படை ஒத்தப்படை விதி மாறாமப் பதில் சொல்லும். ஒரு தடவகூடத் தப்பாது. யாரும் இத அப்படியே செஞ்சு பாத்ததில்ல. ஆனா அந்தக் கணக்கு இதுவரைக்கும் எங்கயும் தோத்ததும் இல்ல.”

அவள் முகத்தில் முதல்முறையாக ஆர்வம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். “அப்படின்னா அது ஒம்பது பதிலையும் முன்னாலயே எழுதிப் பையில வச்சுக்கிட்டு வர முடியாது. எழுதினா எங்கயாவது மாட்டிக்கும்.”

“அதேதான்.”

“அப்பக் கேக்குறப்பதான் பதிலே வருது.”

“அப்படித்தான் நெறையப் பேரு சொல்றாங்க. ஆனா ஒரு சந்து இருக்கு. பதிலு உள்ள இருக்கு, ஆனா கூடச் சேத்துக் கேக்குற கேள்வியப் பாத்து அத மாத்திச் சொல்லுதுன்னு வச்சுக்கலாம். நடுக்கட்டத்துக் கேள்வி ஒண்ணுதான். அதக் குறுக்கே உள்ளதுகளோட கேட்டா ஒரு பதில், நெடுக்கே உள்ளதுகளோட கேட்டா வேற பதில். அப்படிச் சொன்னா யாரும் மறுக்க முடியாது. அந்தச் சந்துலதான் ஏழு வருசமாப் போயிக்கிட்டிருக்கேன்.”

“போயி?”

“முட்டுச்சந்து மாதிரித் தெரியுது.”

அவள் சிரிக்கவில்லை. “அதாவது ஆளப் பாத்துப் பொய் சொல்லுதுங்கிறீங்க.”

“பொய்னு இல்ல…”

“என்னையவும் அப்படித்தான எழுதியிருக்கீங்க?”

ஜன்னலை விட்டுப் பின்னால் நகர்ந்தேன். இரண்டடியில் அலமாரி முதுகில் இடித்தது. மரணப் பதிவேடுகள் உள்ள அலமாரி.

அவள் குரல் தணிந்தது. “எங்கப்பா கேட்டப்ப நான் சம்மதம்னு சொன்னது பொய் இல்ல சார். அம்மா போனதுக்கப்புறம் அவரு எம்மூஞ்சியப் பாத்து அப்படிக் கேக்கிறப்ப, எங்கிட்ட இருந்த பதில் அது. மரியசெல்வி வேலைய விடணும்னு சேத்துக் கேட்டா. எட்டு வருசமா நான் நின்னு எழுதுற போர்டு. அப்ப வந்த பதில் இது. இதுவும் நெசம். ரெண்டுக்கும் அடியில அசல் பதில் ஒண்ண நான் ஒளிச்சு வச்சிருக்கிறதா நெனச்சு நீங்க நோண்டுறீங்க. நானும் நோண்டித்தான் பாத்தேன். இல்ல.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னா இல்ல.” டைரியில் புதுப் பக்கம் திருப்பினாள். என் பேனாவையே எடுத்தாள். “இப்ப உங்களுக்கு. உங்கம்மாவுக்கு முட்டி வலி, பகலெல்லாம் தனியா இருக்காங்க. அதோட சேத்துக் கேக்கிறேன். இந்தக் கல்யாணம் சம்மதமா?”

“சம்மதம்.” யோசிக்கவே இல்லை.

எழுதினாள். “கல்யாணம் ஆனா ராத்திரிப் படிப்பு போயிரும், பிஎச்.டி. அம்புட்டுத்தான். சம்மதமா?”

“அது… ஒரு ரெண்டு வருசம் தள்ளிப் போட்டா…”

எழுதினாள். “என்னையப் பிடிச்சிருக்கா? சம்மதமா?”

வாயைத் திறந்தேன். ஒரு நல்ல நகைச்சுவை வந்திருக்க வேண்டிய இடம். முப்பத்து மூன்று வருடமாக இந்த மாதிரி இடத்தில் என்னைக் கைவிடாத சரக்கு அன்று வரவில்லை. எனக்குள்ளே போய்த் தேடினேன். இத்தனை நாள் அவளுக்குள் இருப்பதாக நம்பி நான் தேடிய அந்தப் பெட்டி என்னிடமும் இருக்க வேண்டுமே. இருந்தது. திறந்தால் காலி. ஒட்டடைகூட இல்லை. பூட்டிய அறையில் பயப்படாதவன் அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்துப் பயந்துபோனேன்.

“நம்பகம் எவ்வளவு போடட்டும் சார்?”

“பூச்சியம் போடுங்க டீச்சர்.”

பேனாவை மூடினாள். ஆனால் எதுவும் போடவில்லை. “ஒரு மாசமா எல்லார்கிட்டயும் என்னையப் பத்தி விசாரிச்சிருக்கீங்க. ஜெரோம் சாரு, அவரு பொண்டாட்டி, உங்கம்மா. எங்கிட்ட ஒரு தடவ கேட்டீங்களா?”

“இப்பக் கேக்கட்டுமா?”

“பூட்டின ரூமுக்குள்ள இருந்துக்கிட்டா? அந்தப் பதிலு வெளிய வந்தா செல்லாது.”

அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது. அம்மாவும் ராயப்பராஜும் மாதிரிப் பிரதியோடு வந்தார்கள். அம்மா கம்பிக்குள் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏலே, உள்ள என்னலே பண்ற?”

“ஓலை எழுதுறாங்கம்மா.”

“கதவப் பூட்டியா எழுதுவாக?”

நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்குப் பூட்டைவிடப் பத்திரிகை முக்கியம். தாளைக் கம்பிமேல் ஒட்டிப் பிடித்து, “பேரு சரியா இருக்கான்னு பாரு” என்றார். ரொனால்டு எம்.எஸ்ஸி., பிஎச்.டி. என்று தடித்த எழுத்தில் இருந்தது.

“நான் இன்னும் பிஎச்.டி. வாங்கலையேம்மா.”

“பின்னால வாங்கிக்க. அச்சடிக்கிறவன் காத்துக்கிட்டு இருக்கான்.”

ராயப்பராஜ் மகளிடம், “எல்லாம் சரிதானம்மா? ஆறு மணிக்குள்ள போன் பண்ணிச் சொல்லணும்” என்றார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. லிடியா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ‘சரிப்பா’ என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்ததை நான் கம்பி வழியாகப் பார்த்தேன். அன்று வீட்டிலும் இப்படித்தான் வந்திருக்கும். கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தது நான் மட்டும் அல்ல.

“சாமி வரட்டும்ப்பா” என்றாள்.

ஐந்தே முக்காலுக்கு டிவிஎஸ் ஃபிப்டி திரும்பியது. சாணார்பட்டிப் பெரியவர் எண்ணெய் பூசியதும் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாராம். அருளப்பன் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “ஐயோ தம்பி! கை செஞ்ச வேலை தம்பி, எனக்குத் தெரியாது!” கதவு திறந்ததும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் ஓடினேன். ஒரு மனிதனின் சுதந்திர உணர்வு என்பது அந்த நேரத்தில் மிக எளிமையானது.

திரும்பி வந்தபோது லிடியாவைச் சாமியார் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். விட்ட இடத்திலிருந்து கேட்பார். என் கால் பழக்கத்தில் கதவுப் பக்கம் நகர்ந்தது. இழுத்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. “நீ வாப்பா” என்றார் சாமியார்.

அந்த அறைக்கும் வராந்தாவுக்கும் பத்தடிதான். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, பூட்டு திறந்த பிறகுதான் நான் சரியாக மாட்டிக்கொண்டேன் என்று. அவள் ‘சம்மதம்’ என்று சொல்லியிருந்து நான் ‘இல்லை’ என்றால், அவள் அப்பாவின் முகத்தை உடைப்பவன் நான். அவள் ‘இல்லை’ என்று சொல்லியிருந்து நான் ‘சம்மதம்’ என்றால், பழி முழுவதும் அவள் தலையில். என்ன சொன்னாள் என்று தெரியாது. கேட்கவும் முடியாது.

வேதாகமத்தின்மேல் கை வைத்தேன். அந்தக் கேள்வி வந்தது.

எது அவளுக்கு உதவும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஒரு மாதமாக அவள் பதிலை நான் போட்ட கணக்கின் லட்சணம் தெரிந்துதானே இருந்தது. என்னிடம் இருந்ததை மட்டும் சொன்னேன்.

“எனக்கு இன்னும் தெரியல சாமி.”

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். “முப்பத்து மூணு வயசாச்சு ஒனக்கு.”

“அது தெரியும் சாமி.”

“இந்தப் படிவத்துல ‘ஆம்’னு ஒரு எடம், ‘இல்லை’ன்னு ஒரு எடம். ‘தெரியல’ங்கிறத எங்கப்பா எழுதுறது?”

“ஏழு வருசமா எனக்கும் அதே சிக்கல்தான் சாமி.”

என்னை உற்றுப் பார்த்தார். “அந்தப் புள்ளயும் இதையேதான் சொல்லுச்சு. எழுத்து மாறாம. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீகளா?”

“ஜன்னல் வழியா என்னென்னமோ பேசினோம் சாமி. இத மட்டும் பேசல.”

அவர் படிவத்தை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு படிவத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். “நாளைக்கு ஓலை இல்ல. ஒரு மாசம் போகட்டும். தெரிஞ்சப்புறம் வாங்க.”

வராந்தாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டிச் சொன்னால் எனக்கு இன்னும் வியர்க்கும். ராயப்பராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “அன்னைக்குச் சரின்னு சொன்னியேம்மா?” என்றார்.

“அன்னைக்குச் சரிதான்ப்பா. பொய் சொல்லல.” அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னைக்குத் தெரியல. அதுவும் பொய் இல்ல.”

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது போதும் என்று எனக்குத் தோன்றியது. லிடியா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டைரியை என்னிடம் கொடுத்தாள். “சனிக்கிழம எனக்கு ஸ்கூல் மத்தியானம்வரைக்குந்தான். கேக்கிறதா இருந்தா நேர்ல வந்து கேளுங்க.”

அம்மாவும் நானும் வீடு திரும்பினோம். விளக்கைப் போட்டதும் நானே ஆரம்பித்தேன். “அவங்க வேலைய விடணும்னு யாரும்மா சொன்னது?”

“நாந்தான் சொன்னேன். வீட்டப் பாக்க ஆளு வேணாமா?”

“நீங்க முப்பத்து ரெண்டு வருசம் வாத்தியார் வேலை பாத்தீங்களேம்மா. வீடு எங்கயும் ஓடிப் போகலையே.”

அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? வாயத் தொறந்தா சிரிப்பு மட்டுந்தான் வருமா ஒனக்கு?” என்றார்.  அந்தக் கேள்வியை அதுவரை என் முன்னால் யாரும் வைத்ததில்லை.

ஐந்து சனிக்கிழமை எரியோட்டுக்குப் போனேன். முதல் வாரம் மூன்று மணி நேரம் பேசி, கேட்க வந்ததை மறந்துவிட்டேன்; பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டாவது வாரம் கேட்டேன். அவள் அப்பாவைத் தனியே விடுவதைப் பற்றி அழுதாள். வேலையை விட வேண்டியதில்லை, சனி ஞாயிறு இங்கேயே தங்கலாம், முருங்கைக்காய் பறிக்க எனக்குத் தெரியாது, ஆனால் கூடை தூக்குவேன் என்றேன். மூன்றாவது வாரம் ராயப்பராஜ் எனக்குக் கூடை கொடுத்துப் பார்த்தார். பேசவில்லை. நான்காவது வாரம், “அப்பு, அதக் கீழ வையி, இடுப்புப் புடிச்சுக்கும்” என்று ஒரு வார்த்தை சொன்னார். அவள் சொன்ன எதையும் டைரியில் எழுதவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம்.

“இன்னைக்கு அந்தக் கேள்விய எதோட சேத்துக் கேக்கப் போறீங்க?” என்றாள்.

ஒரு வாரமாகத் தயார் செய்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது போன இடம் தெரியவில்லை. எதிரில் டீக்கடை தெரிந்தது.

“பஸ் வாரதுக்குள்ள ஒரு டீ குடிக்கிறீங்களா? என்னையக் கல்யாணம் பண்ணிக்கச் சம்மதமா?”

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“டீ வேணாம். மத்தது சரி.” பிறகு, “உங்களுக்கு?” என்றாள்.

பெட்டியைத் திறக்கப் போகவில்லை. அவள் கேட்ட அந்த இடத்திலேயே, எரியோடு பஸ் நிறுத்தத்துப் புழுதியில், பதில் இருந்தது. சொன்னேன். அவள் சிரித்தாள். எத்தனை சதவீதம் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி முதல் ஓலை வாசித்தார்கள். ஆய்வேடு அடுத்த வருடம் முடிந்தது. அந்தச் சந்து அடைபடவில்லை, யாரும் அடைக்கவும் முடியாது, ஆனால் அதில் போகிறவர், கூடக் கேட்கும் கேள்வி மாறினால் பதிலும் மாறும் என்று ஒப்புக்கொள்வதை விலையாகக் கொடுக்க வேண்டும் என்று கடைசி அத்தியாயத்தில் எழுதினேன். வழிகாட்டிப் பேராசிரியர் இதற்கு எட்டு வருடம் அதிகம் என்று அபிப்பிராயப்பட்டார். லிடியாவின் அபிப்பிராயமும் அதுதான்.

அருளப்பன் இப்போதும் அந்த அறையைப் பூட்டுகிறார். ஆனால் பூட்டை மாட்டுவதற்கு முன், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளே தலையை நீட்டி ஒருமுறை கேட்கிறார்: “உள்ள யாராச்சும் இருக்கீகளா?” கேட்டுவிட்டு, பதிலுக்காக நிஜமாகவே செத்த நேரம் நிற்கிறார்.